தம்பி, நீ படம் எடுக்காமல் விட்ட கப்பல்

அன்புள்ள தம்பிக்கு,

சிட்னியிலிருந்து மெல்போர்ன் போகிற வழியில் ஹோல்புரூக் ஊர்ப் புல்வெளியில் பாதி புதைந்த மாதிரிக் கிடக்கிற கறுப்பு நீர்மூழ்கி முன்னால் நின்று நீ எடுத்த படத்தைப் பார்த்தேன். "கடலே இல்லாத ஊர்ல இது எப்படி வந்துச்சோ, முதல் உலகப் போர்ல சண்டை போட்டதாம்" என்று கீழே எழுதியிருந்தாய். அது இல்லைடா. நீ சாய்ந்து நின்றது ஆட்வே, 1968-ல் ஆஸ்திரேலியக் கடற்படையில் சேர்ந்தது. சண்டை போட்டது பி11 என்கிற வேறொரு பிரிட்டிஷ் நீர்மூழ்கி.

இங்கிலாந்தில் பாரோ ஊரில் விக்கர்ஸ் நிறுவனம் கட்டி 1906-ல் கடலில் இறக்கியது. நீளம் 43 மீட்டர்தான், ஆட்வேயில் பாதிகூட வராது. மேலே போகும்போது பெட்ரோல் எஞ்சின், முங்கினால் பேட்டரி. ஆமாம், பெட்ரோல்! அந்த வாடையோடு பதினைந்து பேர் ஒரு இரும்புக் குழாய்க்குள். 1914-லேயே பழசாகிவிட்ட ரகம், ஆனால் பேட்டரி புதிதாக மாற்றியிருந்ததால் எதிரி நாடான துருக்கியின் டார்டனெல்ஸ் ஜலசந்திக்குள் போக இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

டிசம்பர் 13. தலைவர் நார்மன் ஹோல்புரூக்குக்கு 26 வயது. கண்ணிவெடிகளைக் கட்டி வைத்திருக்கும் கம்பிகள் எதிலும் மாட்டாமல் இருக்கக் கப்பலின் வெளிப்புறத்தில் தடுப்புகள் பொருத்தியிருந்தார்கள், அதை நம்பி ஐந்து வரிசைக் கண்ணிவெடிகளுக்கு அடியில், எதிரே வரும் நீரோட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஊர்ந்து போய், சனக்கலே ஊர்ப் பக்கத்தில் நங்கூரமிட்டிருந்த துருக்கியின் மெசூதியே போர்க்கப்பலை டார்பிடோவால் அடித்தார். பத்து நிமிடத்தில் அது கவிழ்ந்துவிட்டது.

எனக்கு அதைவிட, திரும்பி வந்த கதைதான் பிடிக்கும். திசைகாட்டியைப் பார்க்கிற கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை, போதாததற்கு ஆழமில்லாத இடத்தில் தரை தட்டி மேல்கோபுரம் வெளியே தலைகாட்ட, கரையிலிருந்து சுட ஆரம்பித்துவிட்டார்கள். பெரிஸ்கோப்பில் எந்தப் பக்கம் வெட்டவெளியாகக் கடல் தெரிந்ததோ அந்தப் பக்கம் திருப்பு, அவ்வளவுதான். மொத்தம் ஒன்பது மணி நேரம் தண்ணீருக்குள். வெளியே வந்தபோது உள்ளே காற்று எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

ஹோல்புரூக்குக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ். நீர்மூழ்கிக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் முறை. கூட இருந்த அத்தனை பேருக்கும் பதக்கம். மெசூதியேயில் செத்தது 37 பேர், மற்றவர்களில் சிலரைக் கவிழ்ந்த கப்பலின் இரும்பை அறுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். அதன் பீரங்கிகளைத் துருக்கியர் கழற்றிக் கரையில் நிறுத்தி மறுபடி சுட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிரிட்டிஷ் கதைகளில் இதெல்லாம் ஓரமாகத்தான் வரும்.

ஊர்ப் பெயருக்கு வருகிறேன். முன்பு அது ஜெர்மன்டன். போர் நேரத்தில் அந்தப் பெயரை யார் வைத்துக்கொள்வார்கள்? 1915-ல் இவர் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள். ஹோல்புரூக் 1976 வரை இருந்தார். ஆட்வேயின் வெளிக்கூட்டை ஊருக்குக் கொண்டுவரக் காசு சேர்த்தபோது பெரும்பங்கு கொடுத்தது அவர் மனைவி குண்டுலா.

பி11-க்கு இந்த மரியாதை எதுவும் கிடைக்கவில்லை. 1917-ல் அதை முங்காத ரோந்துப் படகாக மாற்றினார்கள், 1919-ல் இத்தாலியில் விற்றுவிட்டார்கள். பழைய இரும்பு.

அங்கேயே பூங்காவில் அதன் சின்ன மாதிரி ஒன்று நிற்கிறது, நீ கவனிக்காமல் வந்திருக்கிறாய். அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் அதை ஒரு படம் எடுத்து அனுப்பு. முன்னால் நீ நிற்க வேண்டாம், கப்பல் மறைந்துவிடும்.

அன்புடன்,
அண்ணன்