உன் புது சைக்கிளும் என் அறுந்த பூட்டும்

அன்பு நண்பா,

உன் கடிதத்தைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. முட்டி வலி, இனி சைக்கிளே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் இப்போது புது மின்சைக்கிளில் மேட்டில்கூட மூச்சு வாங்காமல் ஏறுகிறாய். ஆனால் கடைசி வரியில் "கடையிலேயே ஒரு பூட்டும் இலவசமாகக் கொடுத்தார்கள்" என்று எழுதியிருந்தாய் பார், அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

என் மின்சைக்கிள் போய்விட்டதடா. உன்னிடம்கூட இத்தனை நாள் சொல்ல மனசு வரவில்லை. மருந்து வாங்கப் போனேன், கம்பிப் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன், வரிசையில் எனக்கு முன்னால் நாலே பேர், திரும்பி வந்தால் பூட்டு மட்டும் தரையில் கிடக்கிறது. எடுத்துப் பார்த்தேன். ஒரே வெட்டு. மேலே இருந்த பிளாஸ்டிக் உறை சுத்தமாக அறுந்து, உள்ளே மெல்லிய கம்பி இழைகள் துடைப்பக் குச்சி மாதிரி விரிந்து நின்றன. விரல் தடிமன் இருக்கிறதே என்று இத்தனை நாள் அதை நம்பியிருந்தேன், அதில் பெரும்பகுதி வெறும் பிளாஸ்டிக். உனக்குக் கொடுத்ததும் அதே கம்பிப் பூட்டாக இருந்தால் இன்றைக்கே ஓரமாகப் போட்டுவிடு.

உடைக்கவே முடியாத பூட்டு என்று ஒன்று கிடையாது. பேட்டரியில் ஓடும் சின்ன ஆங்கிள் கிரைண்டர், அதுதான் சுழலும் தகட்டால் இரும்பை அறுக்கும் கருவி, தோள்பைக்குள் அடங்கிவிடும், யூ வடிவ இரும்புப் பூட்டான சாதாரண யூ லாக்கை ஓரிரு நிமிஷத்தில் அறுத்தும் விடும். ஆனால் அது போடும் சத்தமும் பறக்கும் பொறியும் தெருவையே திரும்பிப் பார்க்க வைக்கும், அதனால் திருடன் பார்ப்பது நிமிஷக் கணக்கைத்தான். நீ அவனுக்கு எத்தனை நிமிஷம் கூட்டுகிறாய் என்பதே விஷயம். பிரிட்டனில் சோல்ட் செக்யூர் என்ற அமைப்பு பூட்டுகளைச் சோதித்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் போடுகிறது, வாங்கும்போது அந்த மாதிரி முத்திரை இருக்கிறதா என்று பார். ஹிப்லாக் டி1000, லைட்லாக் எக்ஸ்1 மாதிரி சில பூட்டுகள் கிரைண்டர் தகட்டையே தேய்த்துத் தீர்த்துவிடும், கனமும் விலையும் அதிகம்தான், ஆனாலும் நான் அடுத்து வாங்கப்போவது அதைத்தான். கூடவே ஒரு தடித்த சங்கிலியும் போடு, இரண்டு வகைப் பூட்டு என்றால் அவனுக்கு வேலையும் இரட்டிப்பு. பழைய யூ லாக்கை யாராவது சும்மா கொடுத்தாலும் சாவித்துளை வட்டமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்த ரகத்தில் சிலவற்றைப் பால்பாயிண்ட் பேனாவின் குழாயை நுழைத்தே திறக்கலாம் என்று 2004இல் வெளியே வந்துவிட்டது.

பூட்டும்போது பிரேமும் பின்சக்கரமும் சேர்ந்து மாட்டிக்கொள்ள வேண்டும், யூவுக்குள் இடைவெளியே இருக்கக் கூடாது, இடம் இருந்தால் ஜாக்கியோ கடப்பாரையோ விட்டு நெம்புவார்கள். கட்டுவதற்கு முன் கம்பத்தையும் ஒருமுறை ஆட்டிப் பார். உயரம் கம்மியாக இருந்தால் சைக்கிளை அப்படியே தூக்கி மேலே உருவிவிடலாம்.

அப்புறம், பேட்டரி. இரண்டு மூன்று கிலோதான், கழற்றிக் கையோடு கொண்டு போ. சைக்கிளின் விலையில் பெரிய பங்கு அதுதான், அது இல்லாத வண்டியை விற்பது திருடனுக்குச் சிரமம். மோட்டார் பாஷ் கம்பெனியுடையதாக இருந்தால் போனே சாவியாக வேலை செய்யும் வசதி இருக்கலாம், போன் பக்கத்தில் இல்லாவிட்டால் மோட்டார் உதவாது. ஆனால் அது வண்டியைத் தூக்கிப் போவதைத் தடுக்காது, பூட்டு எப்படியும் வேண்டும்.

வண்டி எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் ஆப்பிளின் சின்ன வில்லை, ஏர்டேக், அதை ஒளித்து வைப்பது நல்லதுதான். ஒரே சிக்கல், முன்பின் தெரியாத டேக் கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை போய்விடும், அதனால் சிம் போட்ட ஜிபிஎஸ் கருவி இன்னும் மேல். சீட்டுக்கு அடியில் வைக்காதே, முதலில் தேடுவது அங்கேதான். எங்கே இருக்கிறது என்று தெரிந்தாலும் தனியாகப் போய் நிற்காதே, போலீஸோடு போ.

புகார் கொடுக்கப் போனபோது பிரேம் நம்பர் என்ன என்று கேட்டார்கள். என்னிடம் இல்லை. அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது. நம்பர் இல்லாமல் வண்டி எங்காவது கிடைத்தாலும் என்னுடையது என்று எப்படிச் சொல்வேன்? அதனால் இதைப் படித்து முடித்ததும் சைக்கிளைக் கவிழ்த்துப் போடு, பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் எண்ணும் எழுத்துமாகப் பொறித்திருக்கும், மண்ணைத் துடைத்துவிட்டுப் படம் எடு, பேட்டரியில் உள்ள நம்பரையும் ரசீதையும் எடு, எனக்கும் ஒரு பிரதி அனுப்பி வை. உன் போன் தொலைந்தாலும் என்னிடம் இருக்கும்.

நான் இப்போதைக்கு நடைதான். அம்மாவை விசாரித்ததாகச் சொல். படம் வந்ததும் பதில் போடுகிறேன்.

உன் பழைய சைக்கிள் கூட்டாளி