லைனில் இருங்க, கனெக்ட் பண்றேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை காலை 10.20 மணிக்கு ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். என் கணவரின் கண் ஆபரேஷன் செலவுக்குக் கொடுத்த கிளைம் பேப்பர் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். 11.15-க்கு ரிசீவரை வைத்தபோது ஆறு பேரிடம் பேசி முடித்திருந்தேன். நான்கு முறை லைன் கட்டாகியிருந்தது. பேப்பரைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியவில்லை. எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. சென்னையில் எங்கே போன் செய்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒருவரை மட்டும் மாட்டிவிடுவது நியாயமில்லை.

மற்றவர்களுக்கு இது வெறும் எரிச்சலோடு போய்விடும். எனக்கு அப்படிப் போகவில்லை, ஏனென்றால் மறுமுனையில் கை எங்கே தப்பாகப் போகிறது என்பது எனக்குக் காதிலேயே தெரிந்துவிடும். 1984 முதல் 2019 வரை பாரிமுனையில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் நான். தினமும் எர்ரபாலு செட்டி தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்கு நடப்பேன். 1882-இல் இந்த ஊரின் முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அந்தத் தெருவில்தான் தொடங்கியது என்று எங்கள் சீனியர் அம்மா சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து, அங்கே நடக்கும்போது ஏதோ சொந்தக்காரர் வீட்டைக் கடப்பது போல இருக்கும்.

நான் சேர்ந்தபோது இருந்தது கார்டு போர்டு, அதாவது ஒயர் பிளக்குகளைச் சொருகிக் கால்களை இணைக்கும் பலகை. வெளியிலிருந்து கால் வந்தால் ஒரு பிளக்கைச் சொருகிப் பேச வேண்டும்; இன்னொரு பிளக்கை உள்ளே அவரவர் மேசைக்குப் போகும் எக்ஸ்டென்ஷன் துளையில் சொருகி, "சார், அம்பத்தூர் பார்ட்டி லைன்ல இருக்கார், பில் விஷயமா பேசணுமாம்" என்று சொல்ல வேண்டும். அவர் "சரி, குடும்மா" என்ற பிறகுதான் இருவரையும் இணைப்போம். அவர் சீட்டில் இல்லையென்றால் கால் என்னிடமேதான் இருக்கும். நானே விவரத்தை எழுதி வைத்துக்கொள்வேன். அந்தப் பழக்கத்துக்கு மரியாதை என்றெல்லாம் யாரும் பெயர் வைக்கவில்லை. போர்டு அப்படித்தான் வேலை செய்யும், வேறு வழி கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பீரோ அளவு போர்டு போய், சுவரில் மாட்டும் இபிஏபிஎக்ஸ் பெட்டி ஒன்று வந்தது, ஆபீஸுக்குள்ளேயே இயங்கும் குட்டி எக்ஸ்சேஞ்ச். இனி யார் வேண்டுமானாலும் அவரவர் மேசையிலிருந்தே காலை மாற்றிவிடலாம் என்றார்கள். மாற்றலாம்தான். எப்படி மாற்றுவது என்று பெட்டியைக் கொண்டுவந்தவர் எனக்கு மட்டும் அரை நாள் சொல்லிக் கொடுத்தார். மற்ற 60 பேருக்கு ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் தாள். அந்தத் தாள் மறுவாரமே டிபன் பாக்ஸுக்கு அடியில் போய்விட்டது. அன்று தொடங்கிய தப்புதான் இன்றும் நடக்கிறது என்பது என் அபிப்பிராயம். சுற்றறிக்கை எழுதுவது எப்படி, கணக்கு எழுதும் டேலியில் பதிவு போடுவது எப்படி என்று கற்றுக் கொடுக்கிற எந்த அலுவலகமும், மேசை மேல் இருக்கிற போனை எப்படிப் பயன்படுத்துவது என்று புதிதாய்ச் சேர்ந்தவருக்குச் சொல்வதில்லை. போன் பேச யாராவது கற்றுக் கொடுப்பார்களா என்று நினைப்பு.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். முதலில் பதிவு செய்த குரல் மூன்று மொழிகளில் வரவேற்றது. உள் எண் தெரிந்தால் அழுத்தலாம், இல்லையென்றால் ஆபரேட்டருக்கு 9. தெரியாது, 9 அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தார். "லைனில் இருங்க, கனெக்ட் பண்றேன்" என்றார். அடுத்து ரிங், ரிங், ரிங். யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே பெண் குரல்: "ஹலோ, யார் வேணும்?" பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளில், மாற்றிவிட்ட காலை யாரும் எடுக்காவிட்டால் அது அனுப்பியவருக்கே திரும்பி வரும். நல்ல வசதி அது. அந்தப் பெண்ணுக்கு அது திரும்பி வந்த கால் என்றே தெரியவில்லை. நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவரும் அதே எக்ஸ்டென்ஷனுக்கே மறுபடி அனுப்பினார்.

அதற்கப்புறம் கிடைத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "இது என் செக்ஷன் இல்ல மேடம், மாத்தி விடறேன்." டக் என்று ஒரு சத்தம். டயல் டோன். அந்த டக்கை எனக்கு 35 வருஷமாய்த் தெரியும். ரிசீவர் உட்காரும் இடத்தில் இருக்கிற கட்டையை விரலால் தட்டியிருக்கிறார். தட்டலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. லைனை ஒரு நொடிக்கும் குறைவாக, நம் ஊரில் பெரும்பாலும் 600 மில்லி நொடி, துண்டித்து விட்டால் "இவர் காலை மாற்ற விரும்புகிறார்" என்று எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொள்ளும். அதைவிட நீண்டுவிட்டால் போனை வைத்துவிட்டார் என்று முடிவு கட்டிவிடும். மிகவும் குறைந்தாலோ கண்டுகொள்ளவே கொள்ளாது. மனுஷ விரலுக்கு இந்தக் கணக்கெல்லாம் வராது என்பதால்தான் போனிலேயே பிளாஷ் என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். அதை அழுத்தினால் சரியான அளவு துண்டிப்பை அதுவே செய்துகொள்ளும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். "எங்க போன்ல பிளாஷ் வேலையே செய்யல" என்று சொல்பவர்கள் எல்லாரும் பொய் சொல்லவில்லை. பழைய போன் கெட்டுப்போனால் ரிச்சி தெருவுக்கு ஆளை அனுப்பி இருப்பதில் மலிவாக ஒன்று வாங்கி வருவார்கள். பல மாடல்களில் பிளாஷ் நேரம் 100, 300, 600 என்று மாற்றிக்கொள்ளும்படி இருக்கும். போன் 100-இல் இருந்து, எக்ஸ்சேஞ்ச் 600 எதிர்பார்த்தால், பொத்தானை எத்தனை முறை குத்தினாலும் ஒன்றும் நடக்காது. அடியில் இருக்கிற சின்ன சுவிட்சைத் தள்ளினாலோ, செட்டிங்கில் போய் மாற்றினாலோ தீர்ந்தது. இதற்காகப் போனையே தூக்கிப் போட்ட ஆபீஸ்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது நபர் ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்து சீட்டில் கேட்டார்: "அந்தம்மாதாண்டா மறுபடியும், என்ன சொல்ல?" கை பொத்தினால் கேட்காது என்று யார் சொன்னார்களோ. சினிமாவில் பொத்துவார்கள், அங்கே கேட்காது. நிஜத்தில் நன்றாகவே கேட்கும். ஹோல்ட் போட்டிருந்தால் எனக்கு அந்தப் பியானோ மெட்டு மட்டும் கேட்டிருக்கும், இரண்டு பேருக்கும் கௌரவம்.

ஹோல்ட், டிரான்ஸ்பர் தவிர இன்னொன்றும் உண்டு, பிக்அப். மதியம் ஒரு மணிக்கு எந்த அலுவலகத்துக்குள் போனாலும் பாருங்கள். காலி நாற்காலிக்கு முன்னால் போன் கதறிக்கொண்டிருக்கும். சுற்றி நாலு பேர் அதைப் பார்த்தபடியே தயிர் சாதம் சாப்பிடுவார்கள். எழுந்து போய் எடுக்க வேண்டியதில்லை. அவரவர் போனிலேயே ஒரு எண்ணை அழுத்தினால் அந்தக் கால் இங்கே வந்துவிடும். எங்கள் ஆபீஸில் அது 4. இடத்துக்கு இடம் மாறும்.

கால் ஃபார்வேர்டு பற்றி ஆரம்பித்தால் கடிதம் நீண்டுவிடும், ஆனாலும் ஒன்று. எங்கள் பர்ச்சேஸ் மேனேஜர் ஒரு பொங்கல் லீவுக்குத் தன் எக்ஸ்டென்ஷனை நங்கநல்லூர் வீட்டு நம்பருக்குத் திருப்பிவிட்டுப் போனார். லீவு முடிந்து ஆபீஸ் வந்தவர் அதை ரத்து செய்ய மறந்துவிட்டார். ஒரு வாரம் ஆணி, போல்ட், பெயிண்ட் சப்ளையர்கள் அத்தனை பேரும் அவர் மனைவியிடம் பேசினார்கள். அந்த அம்மா பொறுப்பாக எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தனுப்பினார். உண்மையைச் சொன்னால் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட் அந்த வாரம்தான் ஒழுங்காக நடந்தது. அன்றிலிருந்து திங்கட்கிழமை காலை வந்ததும், யார் யார் எங்கே திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களுக்குச் சொல்வதை என் வேலையாக்கிக்கொண்டேன்.

எக்ஸ்சேஞ்ச் விதிகள் மாறும்போதும் யாரும் சொல்வதில்லை. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குப் பேச முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்று வந்ததே, அப்போது நான் ஓய்வு பெற்றிருந்தேன். பழைய ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போன்: "மேடம், எந்த மொபைலுக்கும் போக மாட்டேங்குது." வெளி லைன் எடுக்க ஒரு 0, அப்புறம் மொபைலுக்கு இன்னொரு 0 என்றேன். அப்படியும் பாதிப் பேருக்குப் போகவில்லை. எஸ்டிடி, அதாவது வெளியூர் கால், பேசக்கூடாது என்று அந்த எக்ஸ்டென்ஷன்களில் எப்போதோ நாங்களே பூட்டு போட்டிருந்தோம். பூட்டு பிடிப்பது எதை? பூஜ்யத்தைத்தான்.

இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் இயங்கும் ஐபி போன் வந்துவிட்டது. திரை இருக்கிறது, டிரான்ஸ்பர் என்று எழுதியே இருக்கிறது. பிளாஷ் கணக்கெல்லாம் வேண்டாம். டிரான்ஸ்பரை அழுத்தி, எண் போட்டு, எடுப்பவரிடம் விஷயத்தைச் சொல்லி, மறுபடி டிரான்ஸ்பரை அழுத்தினால் முடிந்தது. நடுவில் இருக்கிற "விஷயத்தைச் சொல்லி" என்ற பகுதிக்கு மட்டும் எந்தக் கம்பெனியும் பொத்தான் வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் பேசிய ஆறு பேரில் ஒருவராவது அடுத்தவரிடம் "கண் ஆபரேஷன் கிளைம், பெரம்பூர்லேர்ந்து ஓர் அம்மா" என்று சொல்லியிருந்தால் நான் என் கதையை ஆறு முறை சொல்லியிருக்க வேண்டாம்.

ஆபரேட்டர்களை ஒழிக்கத்தான் தானியங்கி எக்ஸ்சேஞ்சே வந்தது என்று எங்கள் சர்வீஸ் என்ஜினியர் ஒருவர் சொல்வார். அமெரிக்காவில் ஸ்ட்ரௌஜர் என்று ஒருவர்; சவ அடக்க ஏற்பாடுகள் செய்து தருவது அவர் தொழில். ஊர் ஆபரேட்டர் தனக்கு வர வேண்டிய கால்களைப் போட்டிக் கடைக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற கோபத்தில் அதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். 1891-இல் காப்புரிமையும் வாங்கினார். அவர் கோபம் நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் எல்லாக் குரல் பதிவும் "ஆபரேட்டருக்கு 9" என்றுதான் முடிகிறது. அந்த 9-க்குப் பின்னால் உட்கார வைக்கிற பிள்ளைக்கு ஒரு மணி நேரம் போனைச் சொல்லிக் கொடுங்கள், எல்லா எக்ஸ்டென்ஷன் எண்களும் உள்ள ஒரு தாளைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள், மாற்றிவிடும் முன் "கட்டானா 214-க்கு நேரா போடுங்க" என்று கூப்பிட்டவரிடம் சொல்லச் சொல்லுங்கள் என்று அலுவலகங்களை நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். செலவு ஒரு ஜெராக்ஸ்.

214 என்று எப்படி எழுதினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அன்று கடைசியாகப் பேசியவர் கட்டையைத் தட்டியது மிகவும் லேசாக. எக்ஸ்சேஞ்ச் கண்டுகொள்ளவில்லை. ஆகவே அவர் அடுத்து அழுத்திய மூன்று எண்ணும் என் காதிலேயே ஒலித்தன. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு சுரம் சேர்ந்த தனி ஒலி உண்டு. போர்டில் உட்கார்ந்தவர்களுக்கு அது ஓரளவு பழகிவிடும். பிறகு அவர் போனை வைத்துவிட்டார், அது வேறு விஷயம். நான் வீட்டு லேண்ட்லைனில் பொத்தான்களை அழுத்திக் கேட்டுப் பார்த்தேன். 2, 1, 4.

புதன்கிழமை காலை 10 மணிக்கு மறுபடி போன் செய்தேன். வரவேற்புக் குரல் முதல் மொழியை முடிப்பதற்குள் 214 அழுத்தினேன். இரண்டாவது ரிங்கில் ஒருவர் எடுத்தார். சரியான செக்ஷன். ஒரு தாளில் டாக்டரின் சீல் விட்டுப்போயிருக்கிறதாம், ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். வைக்கும் முன் சந்தேகமாகக் கேட்டார்: "மேடம், இந்த நம்பர் உங்களுக்கு யார் கொடுத்தது?"

"உங்க ஆபீஸ்லதான் சார், நேத்து ஒருத்தர் காதுல போட்டார்" என்றேன்.

என் பெயரைப் போட வேண்டாம். பர்ச்சேஸ் மேனேஜர் உங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
பெரம்பூர், சென்னை.