காஜா அளவுக் கதவைக் கண்டுபிடித்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். வயது 36. மூன்று மாதத்துக்கு முன்னால் மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் என் இதய வால்வை பலூன் வைத்து விரித்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். உங்களில் பலரை நேரில் பார்த்தபோது கையைப் பிடித்துக்கொண்டு அழ மட்டும்தான் முடிந்தது. சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

ஓடினால் யாருக்கும் மூச்சு வாங்கும். எனக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டு நிமிர்ந்தாலே வாங்கியது. தெருக்குழாய்க்கும் வீட்டுக்கும் நடுவே ஐந்து வீடுதான். ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும்போது முதலில் ஒரு இடத்தில் நின்றேன், அப்புறம் இரண்டு இடத்தில். ராத்திரி ஒரு தலையணை போதவில்லை. சில நாள் இரண்டு மணிக்கு மூச்சு முட்டி எழுந்து, திண்ணையில் வந்து உட்கார்ந்தால்தான் அடங்கும். "உடம்பு போட்டுருச்சு, நடந்தா சரியாயிரும்" என்றார்கள். நடக்கத்தானே முடியவில்லை! ஒரு தனியார் கிளினிக்கில் இழுப்பு என்று சொல்லி, வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் உறிஞ்சினேன். கேட்கவில்லை என்று சொன்னபோதெல்லாம் மருந்தை மாற்றினார்கள், காரணத்தைத் தேடவில்லை. அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

முதல் நன்றி, மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை பார்க்கும் தங்கச்சிக்கு. மாமியாருக்கு பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கத்தான் நீ மாதாமாதம் வருவாய். அன்றைக்கு நீ உட்காரட்டும் என்று கட்டிலை இழுத்துப் போட்டேன். இரைப்பு வந்துவிட்டது. மாமியார் கையில் கட்டிய பட்டையைக் கழற்றாமலே என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அக்கா, படுத்தா கூடுதா? உக்காந்தா குறையுதா?" என்று கேட்டாய். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. மறுநாள் காலையில் நீயே வந்து என்னை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாய். உனக்கு அன்று பார்க்க வேண்டிய வீடுகள் எத்தனை இருந்ததோ, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள். நீங்கள் முதுகில் கேட்டீர்கள், நெஞ்சில் கேட்டீர்கள். அப்புறம் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினீர்கள். "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கம்மா" என்று சொல்லி, இடது மார்புக்குக் கீழே அந்தக் குழாயை மெதுவாக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். எனக்குச் சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு நேரம் என் நெஞ்சை யாரும் கேட்டதில்லை. கண்ணைத் திறந்ததும், "சின்ன வயசுல காய்ச்சலோட மூட்டு வீங்கிக் கிடந்தீங்களா?" என்று கேட்டீர்கள்.

எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "நாலாவது படிக்கிறப்ப. மொதல்ல தொண்டை வலி. அப்புறம் ஒரு முட்டி வீங்கும், அது வத்துனா கணுக்கால் வீங்கும். ரெண்டு மாசம் நீ பள்ளிக்கூடம் போகல, தைலம் போட்டு நீவி விட்டேன்." 27 வருடம் அதை அப்படியே வைத்திருந்த அம்மாவுக்கு நான் என்ன சொல்ல! அதற்குப் பெயர் வாதக் காய்ச்சல், மூட்டை விட்டுப் போனாலும் வால்வில் தழும்பை விட்டுவிட்டுப் போகும் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, "எனக்குத் தெரியாமப் போச்சே" என்று அம்மா அழுதது. உன் தப்பு இல்லை அம்மா. பிள்ளைக்குத் தொண்டை வலி வந்து போய், இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்தால் தைலத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று இதைப் படிக்கிற அம்மாக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மதுரையில் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இருட்டு அறை, நெஞ்சில் ஜில்லென்று ஜெல். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். தையல் என்றேன். "அப்போ பட்டன் நுழையுற காஜா தெரியுமில்ல? உங்க வால்வு அந்த மாதிரி ஆயிருச்சு" என்றார். 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய கதவு எனக்கு 0.9தான் திறந்தது. சும்மா இருக்கும்போது இதயம் நிதானமாகத் துடிப்பதால் அந்தச் சந்து வழியாக ரத்தம் எப்படியோ இறங்கிவிடுமாம். நாலு எட்டு வைத்தால் துடிப்பு வேகமாகிறது, இறங்க நேரம் கிடைப்பதில்லை. இறங்காத ரத்தம் நுரையீரலில் தேங்க, மூச்சு முட்டுகிறது. ஐந்து வீட்டுத் தூரத்தில் நான் ஏன் இரண்டு இடத்தில் நின்றேன் என்பது அன்றுதான் விளங்கியது. டாக்டர், வியாதி என்ன ஆகுமோ என்ற பயம் இருந்தாலும், அன்று ராத்திரி நான் நிம்மதியாக இருந்தேன். நோய் என் கற்பனை இல்லையே.

பலூன் வைத்த அன்று மயக்க மருந்து இல்லை, தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி மட்டும். அங்கே உள்ள ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் போய், கதவில் பலூனை வைத்துச் சில நொடி ஊதி இறக்கினார்கள். அந்த நேரம் முழுக்க என் தலைமாட்டில் நின்று, "இப்ப ஊதப் போறாங்கம்மா, இருமாம இருங்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்த சிஸ்டருக்கு நன்றி. இந்த முறையை 1980களில் ஜப்பானில் இனோவே என்ற மருத்துவர் கொண்டுவந்தாராம். அவருக்கும் ஒரு கும்பிடு. 0.9 இருந்தது 1.8 ஆனது. அன்று ராத்திரியே ஒரு தலையணையில் தூங்கினேன்.

செலவு முழுக்க முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் போனது. வருமானச் சான்றை அலையவிடாமல் கொடுத்த எங்கள் ஊர் வி.ஏ.ஓ. ஐயாவுக்கு நன்றி. அந்த வாதக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட வேண்டும், இன்னும் பல வருடத்துக்கு. ஊசி நல்ல வலி. அதை அவசரப்படாமல் மெதுவாக ஏற்றி, அடுத்த தேதியைச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதித் தரும் நர்ஸ் அக்காவுக்கு நன்றி. தீபாவளி ஜாக்கெட் துணியை வேறு கடைக்கு மாற்றாமல், "நீ வந்து தைச்சுக் குடு" என்று காத்திருந்தவர்களே, எல்லாம் தைத்து முடித்துவிட்டேன். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக எங்கள் தெரு அக்காமார்களுக்கு. நான் கேட்காமலே இத்தனை மாதம் உங்கள் குடத்தோடு என் குடத்தையும் நிரப்பி வாசலில் வைத்தீர்கள். போன வாரம் தண்ணீர் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து என் குடத்தை எடுக்க வேண்டாம், நானே குழாயடிக்கு வருகிறேன்.