சனசமூக நிலையம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, போசகர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வாசிகசாலைக் கூரை திருத்தியாயிற்று. மாரிக்கு முன்னரே வாய்க்கால் துப்புரவு செய்யப்பட்டது. வாணி விழாவும் விளையாட்டுப் போட்டியும் வழமைபோல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் அதிகம் பேச விரும்புவது அங்கத்தவர் பதிவேட்டைப் பற்றி. நிர்வாகக் குழுவினர் இந்த ஆண்டு வீடு வீடாகப் போய் அதைப் புதுப்பித்தார்கள். பழைய பதிவேட்டில் இருந்த ஊர் இப்போது இல்லை என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

2024 குடிசன மதிப்பீட்டின் முதற்கட்ட முடிவுகளை நீங்களும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். 2012க்குப் பிறகு நாட்டிலேயே மிகக் குறைந்த வேகத்தில் சனத்தொகை கூடிய மாவட்டம் எங்கள் வவுனியா. வருடத்துக்கு 0.01 சதவீதம். பக்கத்து முல்லைத்தீவோ 2.23 சதவீதத்துடன் முதலிடத்தில் நிற்கிறது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2012 கணக்கெடுப்பின்போது, போரில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த எங்கள் மாவட்டத்து மெனிக்பாம் முகாம் மூடப்படவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் மூடினார்கள். ஊர் திரும்பியவர்கள் முல்லைத்தீவில் கூடினால் இங்கே குறையத்தானே செய்யும்? ஆனாலும் முழுக் காரணமும் அதுவல்ல.

மன்னார் வீதிப் பக்கம் இருக்கும் எங்கள் பகுதியைப் பாருங்கள். வயலாகக் கிடந்த காணிகள் துண்டு துண்டாக விற்கப்பட்டு மதில் எழுந்துவிட்டது. மாடி வீடுகளுக்கும் குறைவில்லை. அப்படிப்பட்ட பல வீடுகளில் ஒரு அம்மாவோ அப்பாவோ மட்டும் இருக்கிறார்கள். சிலவற்றில் அவர்களும் இல்லை, திறப்பு அயல்வீட்டில் இருக்கிறது. 2022 நெருக்கடியின்போது அந்த ஒரே ஆண்டில் நாட்டிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். எங்கள் கரப்பந்தாட்ட அணியின் பாதிப் பேரும் அந்த அலையில் போனவர்கள்தான்.

அப்புறம், வந்தவர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களும், 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியவர்களும், 2009க்குப் பிறகு ஊர் திரும்பாமல் இங்கேயே காணி வாங்கியவர்களும் சேர்ந்ததுதான் எங்கள் நிலையம். புதிதாக வருபவர்கள் வாடகைக்காரர். 2021 ஆகஸ்டில் வவுனியா வளாகம் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்ததிலிருந்து பம்பைமடுவுக்குப் போய்வரும் மாணவரும் ஊழியரும் இந்தப் பக்கம் அறை தேடுகிறார்கள். முன்பு நெல் விற்ற காசில் ஓடிய சில வீடுகள் இப்போது அறை வாடகையில் ஓடுகின்றன. 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தியபோது விளைச்சல் விழுந்து கடன்பட்டவர்களில் சிலர் வயலுக்குத் திரும்பவே இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

வருமானத்தைப் பற்றிப் பேசும்போது மாவட்டச் சராசரியை நம்பிவிடக் கூடாது. 2016 குடும்ப வருமான, செலவின ஆய்வில் கிளிநொச்சியில் வறியோர் 18.2 சதவீதம், முல்லைத்தீவில் 12.7, வவுனியாவில் வெறும் 2.0. இந்த 2.0 சதவீதத்தைக் காட்டியே "உங்களுக்கு என்ன குறை" என்று கேட்பவர்கள் உண்டு. மாடி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் இருக்கும் மேசன் கூலிக்காரருக்கு மழை நாளில் வேலை இல்லை. அவர் மனைவி வாரத் தவணைக்கு நுண்கடன் எடுத்திருக்கிறார், அதை அடைக்க இன்னொன்று. 2023இல் சமுர்த்தி உதவியின் இடத்துக்கு அஸ்வெசும என்ற அரசின் புதிய நலன்புரிக் கொடுப்பனவு வந்தபோது விடுபட்டுப்போன குடும்பங்களுக்கு மேன்முறையீட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்ததுதான் நிலையத்தின் மிகப் பயனுள்ள வேலை என்று நான் நினைக்கிறேன். இந்த ஆண்டும் அதைச் செய்தோம்.

முன்பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவருவதற்கு ஆசிரியையைக் குற்றம் சாட்ட வேண்டாம். 2020இல் நாட்டில் மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்த பிறப்புகள் 2024இல் ஏறத்தாழ 2,20,000 ஆகிவிட்டன. மறுபுறம், பகலில் முதியவர்கள் நிலையத்துக்கு வந்து உட்காருவது கூடியிருக்கிறது. அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கித் தரும்படி அவர்கள் கேட்டிருக்கிறார்கள், வாங்கலாம்.

இதையெல்லாம் வைத்து நிர்வாகக் குழு மூன்று விடயங்களை முன்வைக்கிறது. காணி உறுதி உள்ளவருக்கு மட்டுமே வாக்கு என்ற யாப்பு விதி நீங்கி, ஆறு மாதம் குடியிருக்கும் வாடகைக்காரரும் அங்கத்தவராக வேண்டும். சிரமதானத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள் என்பது பூட்டிய வீட்டுக்குப் பொருந்தாது. அவர்கள் ஒரு நாள் கூலியைக் கட்டட்டும். மரணாதார நிதிக்கான சந்தா நாட்கூலிக் குடும்பங்களுக்கு ஏறக்கூடாது. வெளிநாட்டிலிருந்து அனுப்புபவர்கள் விரும்பினால் கூடுதலாகத் தரலாம், ஆனால் அதற்காகப் பெயர்ப்பலகை வைக்க மாட்டோம். கடைசி வரிக்குக் குழுவுக்குள்ளேயே எதிர்ப்பு உண்டு. அவர்கள் இன்று பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் கைதூக்கி வாக்கெடுப்போம்.

இங்ஙனம்,
செயலாளர்