அரசு மேல்நிலைப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

அனைவருக்கும் வணக்கம். போன வருட அறிக்கை ரொம்ப நீளம் என்று திட்டு வாங்கியதால் இந்த முறை வழக்கமான வேலைகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று, குடிநீர் மோட்டார் மாற்றியாயிற்று, சந்தா பாக்கி அப்படியே இருக்கிறது (பெயர் வாசிக்கப் போவதில்லை, அவரவருக்கே தெரியும்). மீதி நேரம் முழுக்கக் கோடை ஆயத்த வகுப்பைப் பற்றித்தான்.

தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் கல்லூரிக்குப் போகும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வார வகுப்பு. 2024 மே 6-ஆம் தேதி ரிசல்ட் வந்தது, 20-ஆம் தேதி தொடங்கிவிட்டோம். பள்ளி திறப்பு ஜூன் 6 என்றிருந்து வெயிலால் 10-க்குத் தள்ளிப்போனதில் நமக்கு வகுப்பறை கூடுதலாக நாலு நாள் கிடைத்தது, அது அதிர்ஷ்டம்தான்.

முதல் மூன்று நாளும் ஊக்கவுரை வைத்தது என் யோசனை, அந்தப் பழி என்னுடையது. சால்வையும் மைக்குமாக நாங்கள் மேடையில், பிள்ளைகள் கீழே கொட்டாவி விட்டபடி. நாலாம் நாள் பாதி பெஞ்ச் காலி. அப்போதுதான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியரான நம் மூத்த உறுப்பினர், "தம்பி, மைக்கைக் கழட்டுங்க, ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கிட்டு வாங்க" என்றார்.

அவர் பலகையில் 'டிடர்மினன்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, இது என்ன என்று கேட்டார். ஒரு கை எழவில்லை. பக்கத்திலேயே இரண்டு செங்குத்துக் கோடு இழுத்து உள்ளே நாலு எண்ணைப் போட்டதும், கடைசி பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்த பையன் "சார், இது அணிக்கோவை சார்" என்று கத்தி, விடையையும் மனக்கணக்காகவே சொல்லிவிட்டான். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும்தானே. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பொறியியல் பாடத்திட்டத்திலும் முதல் செமஸ்டர் கணக்கு அணியில்தான் தொடங்கியது, அங்கே அணிக்குப் பெயர் மேட்ரிக்ஸ். கணக்கு தெரிந்த பிள்ளை பெயர் தெரியாமல் முழித்து, முழிப்பதற்கு வெட்கப்பட்டு, வெட்கத்தில் கேள்வி கேட்காமல் இருந்து கடைசியில் அரியர் வைக்கிறது. சரி, ஆளுக்கொரு நோட்டு கொடுத்தோம். இடப்பக்கம் வகையிடல், வலப்பக்கம் டிஃபரன்ஷியேஷன். தொகையிடலுக்கு இன்டெக்ரேஷன், சார்புக்கு ஃபங்ஷன். நாம் எழுதித் தரவில்லை, தினம் பத்து சொல் அவர்களே எழுதினார்கள். கலைக் கல்லூரிக்குப் போகிறவர்களும் தங்கள் பாடத்துக்கு இதையே செய்தார்கள், ஆனால் பொருளியல், வரலாறு சொல்லித்தர நம்மிடம் ஆள் இல்லை, அது குறைதான்.

அந்தப் பொறியியல் பாடத்திட்டத்தில் பைத்தான் என்கிற கணினி மொழியும் முதல் செமஸ்டரிலேயே வந்தது. கம்ப்யூட்டர் குரூப் பிள்ளைகள் பிளஸ் டூவிலேயே படித்திருப்பார்கள், பயாலஜி எடுத்தவர்கள் அதைப் பார்த்ததே இல்லை. ஒரு லேப்டாப்புக்கு இரண்டு வகையிலும் ஒவ்வொருவராக உட்கார வைத்தோம். ஒரு பெண் அரை மணி நேரமாக எரர் வருகிறது என்று அழாத குறையாக இருக்க, பக்கத்தில் இருந்தவள் "இஃப் வரியில முடிவுல கோலன் எங்கடி?" என்று கேட்டதோடு தீர்ந்தது. சனி ஞாயிறு பெங்களூரிலிருந்து வந்து பாடம் எடுத்த நம் உறுப்பினரைவிட இந்தப் பிள்ளைகள் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள் என்றால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசி வாரம் காகித வேலை. முதல் பட்டதாரி சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, இதெல்லாம் பாடம் மாதிரிதான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கு அந்தக் கணக்கு வேண்டும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் ஆகஸ்ட் 9-இல் தொடங்கியபோது அதே கணக்கு கைகொடுத்தது. ஒரு அப்பா, கலந்தாய்வுக்கு முன்பே ஏதோ ஒரு கல்லூரி ஏஜென்ட்டிடம் 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மகளுக்கு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பணத்தைத் திரும்ப வாங்க நானும் பொருளாளரும் நாலு நடை நடந்தோம், 6,000 வந்தது, மீதி வரவில்லை. மகள் ஒதுக்கீட்டிலேயே சேர்ந்துவிட்டாள்.

இந்த வருடம் இதையெல்லாம் சொல்லும் பெற்றோர் கூட்டத்தை ரிசல்ட்டுக்கு முன்பே வைக்க வேண்டும் என்பது செயற்குழு முடிவு. போன வருடப் பிள்ளைகள் ஏழு பேர் தங்கள் நோட்டோடு வந்து வகுப்பு எடுக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பழைய லேப்டாப் வீட்டில் சும்மா கிடந்தால், சார்ஜரோடு (சார்ஜரோடு!) கொண்டுவந்து கொடுங்கள். ஊக்கவுரை கிடையாது. அடுத்து பொருளாளர் கணக்கு வாசிப்பார்.