நெத்தோலி வலையைத் திருப்பித் தரவும், ஆய்வாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் கோரும் மனு

அனுப்புநர்: வள்ள மீனவர், நீரோடி, கன்னியாகுமரி மாவட்டம்.
பெறுநர்: உயர்திரு மீன்வளத் துறை அலுவலர் அவர்கள்.
பொருள்: மூன்றாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நீரோடியைத் தாண்டினால் பொழியூர், கேரளம். தாங்கள் அறிந்த கரைதான். முந்தைய இரண்டு மனுக்களுக்கும் ரசீதுச் சீட்டுதான் கையில் இருக்கிறது, பதில் இல்லை.

1. ஆவணியில் புதிதாக வந்த ஆய்வாளர் என் நெத்தோலி வலையைப் பறிமுதல் செய்தார். வலைக் கண்ணி, அதாவது துளை, 40 மில்லிமீட்டருக்குக் குறைவாம். அது விசைப்படகு இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடியின் கடைசிப் பைக்கு உள்ள அளவு ஐயா. அந்தக் கண்ணியில் நெத்தோலிக்கு வலை விட்டால் தண்ணீர்தான் கரைக்கு வரும். குட்டி மீன் பிடித்ததாகவும் எழுதிவிட்டார். நெத்தோலி வளர்ந்தாலும் அவ்வளவுதான்!

2. நனைந்த கண்ணியை இழுத்துப் பிடித்து அளப்பதுதான் முறை. அவர் தளர்ந்து கிடந்த வலைமேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். அந்த ஸ்கேலும் என் மகளுடையது. வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தவனே நான். அன்றிரவு விசைப்படகுகள் கரையை ஒட்டி மடி இழுத்த வெளிச்சத்தை மணலில் நின்று பார்த்தோம். அதை அளக்க ஒருவரும் ஸ்கேல் கேட்டு வரவில்லை.

3. மூன்று மாதமாக வள்ளம் கவிழ்ந்து கிடக்கிறது. கூட வந்த மூன்று பேரும் வேறு வள்ளத்துக்குப் போய்விட்டார்கள். என் மனைவி அடுத்தவர் மீனைக் கடனுக்கு எடுத்துக் கொல்லங்கோட்டில் விற்கிறாள். வலையோ அலுவலகத் தாழ்வாரத்தில். போன வாரம் பார்த்தேன், எலி கடித்த ஓட்டையில் மணிக்கட்டுவரை கை போகிறது. இப்போது அளந்தால் 40 மில்லிமீட்டருக்கு மேலேயே இருக்கும், விட்டுவிடுவீர்களா? மன்னிக்கவும், வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

4. விதி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஜூன், ஜூலை 61 நாள் தடையை வரவேற்றவர்கள் நாங்கள். கேரளத்தில் சாளை (மத்தி) 10 சென்டிமீட்டர், அயிலை (கானாங்கெளுத்தி) 14 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பிடிக்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் அளப்பவருக்கு மீனும் தெரிய வேண்டும், வலையும் தெரிய வேண்டும் அல்லவா?

5. விழிஞ்சத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, பஸ்ஸில் போய்வரும் தூரம். வலைகளை ஆராயக் கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஆய்வாளர்களைப் பத்து நாள் அனுப்புங்கள். முடியாதென்றால் எங்கள் கரைக்காவது அனுப்புங்கள், சும்மாவே சொல்லித் தருகிறோம்.

அதற்கு முன் வலையைத் தாருங்கள் ஐயா. ஓட்டையோடு தந்தாலும் சரி, நானே பின்னிக்கொள்கிறேன். வலையைத் தாருங்கள்.

இப்படிக்கு,
வள்ள மீனவர், நீரோடி.