மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய் என்றால் கர்ப்பிணிகள் நாள், புதன் என்றால் தடுப்பூசி நாள். பிள்ளை பெறும் வயதைத் தாண்டியவர்களுக்கென்று ஒரு நாள் இல்லை. ஆஸ்பத்திரிப் பலகையில் ‘மகப்பேறு மற்றும் மகளிர் நோய்ப் பிரிவு’ என்று முழுசாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பின்பாதியை யாரும் வாசிப்பதில்லை. “பேத்தி பேறுகாலத்துக்கு வந்திருக்கா, அந்த வரிசையில நான் போயி நிக்கவா?” என்று ஆச்சிமார் கேட்பதை முக்கூடல், ஆலங்குளம், வீரவநல்லூர் பக்கம் எந்தத் தெருவிலும் கேட்கலாம்.

மாதவிலக்கு நின்று 12 மாதம் கழிந்தபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், பழுப்பாக ஒரு கறை தெரிந்தாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். நம் ஊரில் அதற்குப் பெயர் சூடு. வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்து, மோர் குடித்து, பிசான நெல் அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். அதுவும் தானாக நின்றுவிடும். நிற்பதுதான் சங்கடமே, சரியாகிவிட்டதென்று நினைக்க வைத்துவிடுகிறது. பெரும்பாலும் காரணம், பிறப்புறுப்பு, கருப்பை ஆகியவற்றின் உள்தோல் மெலிந்து வறண்டு போவதுதான். ஆனால் இப்படி ரத்தம் படும் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கருப்பையின் உள்சுவரில் புற்றுநோய் இருக்கும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பலருக்கு அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடுகிற நோய் அது. யார் அந்தப் பத்தில் ஒருவர் என்பதைச் சோதிக்காமல் சொல்ல யாராலும் முடியாது.

போனால் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். முதலில் கருவி வைத்துக் கருப்பை வாயைப் பார்ப்பார்கள். ரத்தம் படும்போதே போகலாம், நிற்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்து ஸ்கேன். இங்கேதான் குழப்பம். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். உள்ளே வைத்துப் பார்ப்பதற்குக் காலியாக இருக்க வேண்டும். எந்த ஸ்கேன் என்று கேட்காமல், தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. உள் ஸ்கேனில் கருப்பை உள்சுவரின் தடிப்பை அளப்பார்கள். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவலையில்லை. அதற்கு மேல் இருந்தாலோ, ரத்தம் மறுபடி பட்டாலோ, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வரச் சில நாட்கள் ஆகும். அந்தத் தாளை வாங்கத் திரும்பி வராதவர்களுக்குத்தான் எல்லாம் வீணாகிறது. சதை எடுத்ததையே வைத்தியம் முடிந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். மறுபடி எப்போது வர வேண்டும் என்பதைச் சீட்டிலேயே தேதி போட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. 30 வயதுக்கு மேல் அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கும் கருப்பை வாய்ச் சோதனை நல்ல சோதனைதான். ஆனால் மாதவிலக்கு நின்றவர்களுக்கு, பார்க்க வேண்டிய இடம் உள்ளே சுருங்கிப் போய்விடும். போன வருடம் அதில் ஒன்றும் இல்லை என்றார்கள் என்பதற்காக இன்று படும் ரத்தத்தைச் சும்மா விடக்கூடாது.

அடி இறங்குவதும், அதாவது கருப்பை தன் இடத்தை விட்டுக் கீழே சரிவதும், இதே வெட்கத்தில் மறைகிற நோய். காலையிலிருந்து சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறவருக்குப் புகையிலைத் தூளால் இருமல், எழுந்து போகச் சோம்பித் தண்ணீர் குடிக்காததால் மலச்சிக்கல், போதாததற்கு இடுப்பில் குடம். பிரசவங்களில் ஏற்கெனவே தளர்ந்த தசையை இவை மூன்றும் கீழே தள்ளுகின்றன. எல்லோருக்கும் கருப்பையை எடுக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் அடித்தசையை ஐந்து வினாடி இறுக்கி விடும் பயிற்சி, ஒரு வேளைக்கு பத்து முறை, தினம் மூன்று வேளை. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். அறுவை சிகிச்சை தாங்காதவர்களுக்கு, கருப்பை இறங்காமல் தாங்கிப் பிடிக்க உள்ளே ரிங் என்ற வளையம் வைப்பார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அதை எடுத்துக் கழுவி, புண் இருக்கிறதா என்று பார்த்து மறுபடி வைக்க வேண்டும். வைத்ததையே மறந்துவிட்டால் அது உள்ளே அரித்துப் புண்ணாக்கி, சீழும் ரத்தமுமாக வரும்.

நாங்கள் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். கருப்பை உள்சுவர்ப் புற்றுநோய்க்கு உடல் பருமனும் சர்க்கரையும் தூண்டுகோல்கள். ஆக அவர்கள் மாத்திரை கொடுக்கும் அதே ஆச்சிமாரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மாத்திரையை எண்ணிக் கொடுக்கும்போதே, ஆம்பளையாட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, “நின்னதுக்கப்புறம் எப்பமாவது பட்டுதா ஆச்சி? அடி ஏதும் இறங்குதா?” என்று கேட்டு, ஆமாம் என்றால் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். அவர்களை வரவழைத்துப் பார்க்க, ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாயும் புதனும் அல்லாத ஒரு நாள், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டில் எந்தப் பிரிவு, எந்தக் கிழமை என்ற விவரம். மாவட்ட சுகாதாரத் துறையினர் கவனிப்பார்களா?

— ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்கள் சிலர்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்